மூன்று வேலை நாள்

கூரையில் விழுந்த முதல் அடியில் சமையலறை விளக்கு ஆடியது. இரண்டாவது அடியில் மேலே இருந்த காரை பெயர்ந்து ஒடெல்லாவின் காபிக் கோப்பைக்குள் விழுந்தது. அவள் கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, வேலைக்குப் போட்டுப்போகும் நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே வெளியே வந்தாள். புதன்கிழமை, காலை ஆறே முக்கால். நான்கு பேர் கூரைமேல் நின்று, ஓடுபோல் பதித்திருந்த தார்த்தகடுகளுக்கு அடியில் பல் வைத்த மண்வாரிகளைச் செருகி நெம்பிக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடத்துத் தகடு ஆணியோடு கிழிந்து, சரிவில் வழுக்கி, அவளுடைய ரோஜாச் செடிகள்மேல் பொத்துப் பொத்தென்று விழுந்தது.

“நேத்து சாயங்காலம்தானே கையெழுத்துப் போட்டோம்? அதுக்குள்ளயா?” என்றாள்.

அவள் கணவன் லூஷியஸ் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் தட்டுமாக வராந்தாவில் நின்றிருந்தான். தட்டில் பொரித்த முட்டையும் பன்றிக்கறியும் நான்கு பேருக்கும் இருந்தன. “பாத்தியா டெல்லா? ஏழு மணிக்கு வர்றேன்னானுங்க, ஆறரைக்கே வந்து ஏணியைச் சாத்திட்டானுங்க. இவனுங்கதான் வேலைக்காரனுங்க” என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

ஏரிக்கரையிலிருந்த அந்த அமெரிக்க ஊரின் இரும்பு ஆலையில் உலைக்கு எதிரே இருபத்தாறு வருடம் நின்றவன் அவன். ஆலை மூடுவதற்கு முந்தைய வருடம் பளுதூக்கியின் கொக்கி அறுந்து இடது முழங்காலில் விழுந்தது. அந்த ஆலையில் மனிதர்களை எடைபோட அவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. சங்கு ஊதுவதற்கு முன்னால் வருகிறவன் யோக்கியன், ஊதியபின் வருகிறவனை நம்பக் கூடாது. ஆலை போய்ப் பத்து வருடமாகியும் அந்தத் தராசை லூஷியஸ் கீழே வைக்கவில்லை.

மார்ச்சில் ஆலங்கட்டி மழை பெய்த மறுவாரம் கறுப்பர்கள் குடியிருந்த அவர்கள் தெருவுக்கு ராண்டல் வந்தான். கூரை போடும் கம்பெனியின் ஆள். வந்தவுடன் கூரையைப் பற்றிப் பேசவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மேசையில் சாப்பிட்டான். ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து ஜெபம் செய்துவிட்டுத்தான் கரண்டியைத் தொட்டான். “சிஸ்டர் ஒடெல்லா, எங்க அம்மா போனப்புறம் இப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிடல” என்றான். படுக்கையறையில் ஒழுகும் இடத்தை லூஷியஸ்தான் காட்டினான். கையில் காசு வேண்டாம், வீட்டின்மேல் ஒரு கடன், மாதாமாதம் கொஞ்சம் கட்டினால் போதும் என்று ராண்டல் சொன்னான். நேற்று மாலை அதே மேசையில் நாற்பது பக்கத்தை விரித்து, விரல் வைத்த இடத்திலெல்லாம் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். வீட்டின்மேல் அதுவரை ஒரு பைசா கடன் கிடையாது.

கூரைக்காரர்களின் மேஸ்திரி ரஸ்ஸல் மேலிருந்து எட்டிப் பார்த்தான். வெள்ளைக்காரன். சிவந்த கழுத்து, வெள்ளைத் தாடி. “ரோஜாவப் பாக்காதீங்கம்மா. வீடே புதுசாகப் போகுது” என்று கத்தினான். ஒடெல்லா பேருந்துக்கு ஓடினாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து மூட்டைமூட்டையாக வரும் துணிகளை அவிழ்த்து, ரத்தம் வேறு, மலம் வேறு என்று பிரிக்க வேண்டும். தவறிப்போய்ச் சில நேரம் ஊசியும் வரும். எதிரே நின்று பிரிப்பவள் ஜொனெட்டா. வயதில் சின்னவள், வாய் பெரியவள். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ஒடெல்லா கடன் பத்திரங்களின் உறையை அவளிடம் நீட்டினாள். “முதல் தவணை என்னிக்குன்னு பாத்துச் சொல்லுடி. கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

ஜொனெட்டா ரொட்டியை மென்றபடி புரட்டினாள். எட்டாவது பக்கத்தில் மெல்லுவதை நிறுத்தினாள்.

“அக்கா, இப்ப மாசம் நானூத்திப் பத்து டாலர்னு சொன்னாங்களா?”

“ஆமா.”

“ரெண்டு வருஷந்தான் அது. அப்புறம் எண்ணூத்தி எழுபது. அதுக்கு மேலயும் ஏறும்னு போட்டிருக்கான். நீங்க ரிட்டயர் ஆகறது எப்ப?”

“ரெண்டு வருஷம் கழிச்சு” என்று சொல்லிக்கொண்டே ஒடெல்லா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பென்ஷன் எண்ணூற்றுச் சொச்சம் வரும். லூஷியஸுக்கு வந்துகொண்டிருந்ததை ஆலை போனபோது பாதியாக்கியிருந்தார்கள்.

“பயப்படாதீங்க. இதோ பாருங்க.” ஜொனெட்டா உறையின் அடியிலிருந்து ஒரே மாதிரியான நான்கு தாள்களை எடுத்தாள். “குடியிருக்கிற வீட்டை அடமானம் வெச்சவங்க, மூணு வேலை நாளைக்குள்ள வேணாம்னு சொல்லிடலாம். காரணமே சொல்ல வேண்டாம். உங்களுக்கு ரெண்டு தாள், அண்ணனுக்கு ரெண்டு தாள். யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலே ரெண்டு பேருக்கும் சேத்து ரத்து. நாளைக்கு வரைக்கும் டயம் இருக்கு. தபால்ல சேத்துட்டா போதும்.”

“வேலைய ஆரம்பிச்சுட்டானுங்களேடி. பாதிக் கூரை கீழ கிடக்கு.”

“அதுக்குத்தான்க்கா ஆரம்பிச்சானுங்க!” ஜொனெட்டா ரொட்டியை மேசையில் வீசினாள். “இந்த மூணு நாளும் ஒரு ஆணியக் கூடத் தொடக் கூடாது. இது இவனுங்க தொழில். மொதல்ல உடைச்சுப் போட்டுடணும். வீடு வாயப் பொளந்துகிட்டு நிக்கிறப்ப எவ வேணாம்னு சொல்லுவா? எங்கக்காவுக்குச் சமையக்கட்டை இடிச்சானுங்க. அவ இப்ப வாடகை வீட்டுல இருக்கா.”

ஒடெல்லா ஒரு தாளை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று பிற்பகல் முழுக்க அவள் கை துணி பிரித்தது, மனசு வீட்டிலேயே கிடந்தது.

நான்கு மணிக்கு வீடு வந்தபோது பின்பக்கத்துத் தகடு முழுவதும் போயிருந்தது. தகட்டுக்கு அடியிலிருந்த பலகைகளையும் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கைமரங்கள் வரிசையாக வெளியே தெரிந்தன. லூஷியஸ் சமையலறையில் அவர்களுக்காகச் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான்.

அவள் உறையை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாதியிலேயே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டான்.

“நான் கையெழுத்துப் போட்டவன். போட்டா போட்டதுதான்.”

“வீடு போயிடும் லூஷியஸ்.”

“அந்த ஜொனெட்டா சொல்றான்னு என் பேச்ச நான் முழுங்கணுமா? ரெண்டு நாளா என் கையால சாப்பிட்டிருக்கானுங்க. எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுப் போங்கடான்னு சொல்றது?”

“நீ சொல்ல வேண்டாம். என் கையெழுத்து ஒண்ணே போதும்.”

அதுதான் அவனைச் சுட்டது. உறையிலிருந்து அந்தத் தாள்களை உருவி, மூன்றையும் சேர்த்து ஒரே இழுப்பில் கிழித்தான். அவள் பிடுங்கப் பாய்ந்தாள். அவன் தள்ளினான். தள்ளியது உலைக்கு எதிரே இரும்புக்கம்பி தள்ளிய கை. அவள் பின்னால் போய் அலமாரி முனையில் மோதினாள். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கைக்கு அகப்பட்ட இரும்புச் சட்டியை எடுத்து அவன் தோளில் அவள் ஓங்கி அடித்தாள். சோளரொட்டி பறந்து சுவரில் ஒட்டியது. அவன் நாற்காலியோடு சரிந்தான். முப்பத்து நான்கு வருடத்தில் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கைவைத்தது அதுதான் முதல் தடவை.

மேலே சத்தம் நின்றிருந்தது. “கீழயும் இடிக்கிற வேலை நடக்குதுடா” என்று ஒருவன் சொன்னான். நான்கு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு லூஷியஸின் காதில் தெளிவாக விழுந்தது.

தரையில் கிடந்தவன் எழுந்திருக்கவில்லை. உறையிலிருந்து சிதறிய பத்திரத்தின் எட்டாவது பக்கம் அவன் முகத்துக்கு நேரே விழுந்து கிடந்தது. விரலை வரிமேல் வைத்து, உதடு அசைய அசைய, எண்ணூற்று எழுபதுவரை படித்தான். பிறகு கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கப் பார்த்தான்.  அவளைத் தள்ளிய கையைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“விடு, நாலாவது என்கிட்ட இருக்கு” என்றாள் ஒடெல்லா, தட்டு துடைக்கும் துணியைப் புருவத்தில் அழுத்திக்கொண்டே.

“காலையிலயே போய்ச் சேத்துடு டெல்லா” என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தபால் நிலையம் திறந்தபோது அவள் கதவடியில் நின்றிருந்தாள். புருவத்தில் கட்டு. தாளில் தன் பெயரை முழுதாக எழுதி, பதிவுத் தபாலில் சேர்த்து, தேதி முத்திரை விழுந்ததைக் குனிந்து பார்த்து, ரசீதை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்தபோது ஏரிப்பக்கத்து வானம் ஈயம்போல் கறுத்திருந்தது.

வீட்டில் லூஷியஸ் படுக்கையறையில் இருந்தான். அவள் கூரைக்கு அடியில் நின்று ரசீதைத் தூக்கிக் காட்டினாள். “ரத்து பண்ணிட்டேன். இறங்குங்க. பிரிச்ச இடத்தைத் தார்ப்பாயால மூடிட்டுப் போங்க.”

ரஸ்ஸல் கைபேசியில் யாரையோ அழைத்தான். கொஞ்ச நேரம் உம் கொட்டிவிட்டு இறங்கி வந்து அதை அவளிடம் கொடுத்தான். ராண்டலின் குரல் அன்று ஜெபம் செய்தபோது இருந்த அதே மென்மையோடு இருந்தது.

“சிஸ்டர் ஒடெல்லா, அது உங்க உரிமை. நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனா வானத்தைப் பாத்தீங்களா? தார்ப்பாய் எங்களோடது சிஸ்டர். ரத்துன்னா அதையும் எடுத்துடணும். ஒரு வரி எழுதிக் குடுங்க, ‘ரத்து வேண்டாம்’னு. பசங்க மத்தியானத்துக்குள்ள மூடிடுவாங்க.”

“மாட்டேன்.”

“பிரதர் லூஷியஸ்கிட்ட குடுங்களேன்.”

“அவரும் மாட்டார்” என்று சொல்லி அவள் கைபேசியை ரஸ்ஸலின் மார்பில் வைத்து அழுத்தினாள்.

“மூட்டையக் கட்டுங்கடா” என்றான் ரஸ்ஸல். ஆட்கள் தார்ப்பாயை மடித்தார்கள். இறக்கி வைத்திருந்த புதுப் பலகைகளை வண்டியில் எறிந்தார்கள். கடைசியில் ரஸ்ஸல் சம்மட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனான். செங்கல் புகைபோக்கியைக் கையால் தட்டிப் பார்த்தான்.

“இது ஆடுதும்மா. சுத்தி இருந்த பலகையெல்லாம் போச்சு. இப்படியே விட்டா நாளைக்கு யார் தலையிலயாவது விழும்.”

“தொடாத! அத நீ தொடாத! கீழ ஆளு இருக்கு!” ஒடெல்லா அலறினாள்.

“எங்களுக்குப் பாதுகாப்புதான் முக்கியம்” என்றான் ரஸ்ஸல்.

மூன்று அடி. மூன்றாவதில் புகைபோக்கி இடுப்பொடிந்து உள்பக்கமாகச் சாய்ந்தது. பரணை உடைத்து, மச்சை உடைத்து, அரை வண்டிச் செங்கல் அவர்கள் கட்டிலின்மேல் இறங்கியது. வீடு முழுக்கக் கதவு ஜன்னலெல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. லூஷியஸ் காலணி மாட்டிக்கொண்டு கட்டிலைவிட்டு எழுந்து நான்கு எட்டுத்தான் வைத்திருந்தான்.

தலைமுதல் கால்வரை காரைத் தூள் அப்பியிருக்க அவன் வராந்தாவுக்கு வந்தான். காதோரம் ரத்தம் வழிந்தது. ஊன்றுகோல் எங்கோ போய்விட்டது. வண்டியருகே நின்ற மூவரும் ஒரு கணம் பயந்துபோய்ப் பார்த்தார்கள். பிறகு ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“டேய், பாருடா! பெருசு வெள்ளையாயிடுச்சுடா!”

லூஷியஸ் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. தகட்டுக் குவியலில் செருகியிருந்த கடப்பாரையை உருவினான். நொண்டியபடி ஏணிக்குப் போனான். ரஸ்ஸல் பாதி இறங்கியிருந்தான். “என் பொண்டாட்டிதான்டா வேணாம்னு எழுதினா, கட்டிலு என்னடா பண்ணுச்சு?” என்று கேட்டுக்கொண்டே ஏணிப்படியோடு சேர்த்து ரஸ்ஸலின் முழங்காலில் கடப்பாரையை வீசினான். எலும்பு முறிந்த சத்தம் தெருவில் எதிர்வீட்டுக்குக் கேட்டது. ரஸ்ஸல் ரோஜா முட்களுக்குள் முதுகடிக்க விழுந்தான். லூஷியஸ் மறுபடி ஓங்கினான்.

இரண்டாவது அடி விழவில்லை. மண்வாரி ஒன்று பின்னாலிருந்து அவன் விலாவில் இறங்கியது. விழுந்தவனை மூன்று பேரும் மிதித்தார்கள். அவன் இடது முழங்காலைக் கையால் மூடுவதைப் பார்த்துவிட்டு, ஒருவன் அதையே தேடி மிதித்தான். ஒடெல்லா ஓடிப்போய் அவன்மேல் படுத்துக்கொண்டாள். மண்வாரிக் கட்டை அவள் முதுகில் இரண்டு முறை விழுந்தது. தலைமயிரைப் பிடித்து இழுத்த கையை அவள் கடித்தாள், வாயில் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. அக்கம்பக்கத்தார் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோதுதான் அந்த மூவரும் விலகினார்கள்.

காவல்துறை வண்டி ஏழு நிமிடத்தில் வந்தது. அந்தத் தெருவுக்கு அவ்வளவு சீக்கிரம் அது வந்ததில்லை. இளம் அதிகாரி ஒருவர் லூஷியஸின் முதுகில் முழங்காலை ஊன்றி, கைகளைப் பின்னால் வளைத்து விலங்கு மாட்டினார். ரஸ்ஸலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அவனுக்குத் தலையணை வைத்தார்கள்.

“அவனுங்களும் அடிச்சானுங்க! என் முதுகப் பாருங்க! எம் புருஷன் படுத்த கட்டிலப் போய்ப் பாருங்க!” ஒடெல்லா அதிகாரியின் சட்டையைப் பிடித்தாள்.

“கைய எடுங்கம்மா. முதல்ல அடிச்சது யாரு? அத மட்டும் சொல்லுங்க.”

“முதல் அடி புதன்கிழமை காலையில எங்க கூரையில விழுந்துச்சு” என்றாள் அவள்.

அவர் எழுதிக்கொண்டிருந்த சிறு ஏட்டில் அதை எழுதவில்லை. வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் லூஷியஸின் முகம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

பதினொரு மணிக்கு மழை இறங்கியது. ஏரிக் காற்றோடு வந்த மழை. அக்கம்பக்கத்தார் குளியலறைத் திரைகளையும் மேசைவிரிப்புகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். காற்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனது. செங்கல் குவியலுக்கு அடியில் மெத்தை மழையைக் குடித்து ஊதியது. நனைந்த மச்சு சனிக்கிழமை மதியம் கூடத்தில் மொத்தமாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒடெல்லா தேவாலயத்துக்குப் போகவில்லை. வாளியில் மோந்து மோந்து தண்ணீரை ஜன்னல் வழியாகக் கொட்டினாள். கொட்டக் கொட்ட வாய்விட்டு அழுதாள், ராண்டலைத் திட்டினாள், மறுபடி வாளியை எடுத்தாள்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் லூஷியஸைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அரசு வழக்கறிஞர், ஆயுதத்தால் தாக்கிய கொடுங்குற்றம் என்றார். ஜாமீன் தொகையைக் கேட்டபோது ஒடெல்லாவுக்குக் காது அடைத்தது. “வீடு இருக்குல்ல, அத வெச்சு எடுக்கலாமே” என்று ஜாமீன் தரகன் ஒருவன் வாசலில் சொன்னான். அவன் நீட்டிய அட்டையை அவள் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஜொனெட்டா மழைக் காலணியோடு வந்து சேர்ந்தாள். சமையலறை மட்டும்தான் ஒழுகாத இடம். வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

“அக்கா! கம்பெனிக்குப் போன் போட்டு மூணு பேர்கிட்ட சண்ட போட்டேன். கடைசியில ஒத்துக்கிட்டானுங்க. உங்க தபால் வெள்ளிக்கிழமை முத்திரையோட வந்துடுச்சாம். கடன் ரத்து. அடமானம் ரத்து. எழுத்துல வருது. ஜெயிச்சுட்டீங்கக்கா! வீடு உங்களுதுதான்!”

ஒடெல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷம் வரவில்லை, ஆனாலும் மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது. “லூஷியஸ்கிட்ட சொல்லணும். மொதல்ல அந்த ஓட்டைய அடைக்கணும்” என்றாள்.

அப்போது முன்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

“வாங்க, திறந்துதான் இருக்கு” என்று அவள் குரல் கொடுத்தாள்.

யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார்கள், இன்னும் பலமாக. அவள் செங்கல் தூளையும் சேற்றையும் மிதித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

நகராட்சித் தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் கையில் சுத்தியலோடு நின்றான். கதவின் வெளிப்பக்கத்தில் சிவப்புத் தாள் ஒன்றின் மேல் விளிம்பில் இரண்டு ஆணி இறங்கியிருந்தன. மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற கட்டிடம் என்று கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

“மன்னிச்சுக்கோங்கம்மா, உள்ள ஆள் இருக்குன்னு தெரியாது. கூரை இல்லாத வீடுன்னு ஒரு கம்பெனியில இருந்து தகவல் குடுத்தாங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடணும்.”

“இது என் வீடு. யார்கிட்டயும் அடமானம் இல்ல. ரத்து பண்ணியாச்சு” என்றாள் ஒடெல்லா.

“உங்களுதுதாம்மா. யார் இல்லன்னா? வரியெல்லாம் நீங்கதான் கட்டணும். குடியிருக்கத்தான் கூடாது.” அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. வாயில் ஓர் ஆணியைக் கவ்வியிருந்ததால் குழறிப் பேசினான். தாளின் அடிப்பகுதி ஏரிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு அவன் கைக்கு நிற்காமல் நழுவியது. இரண்டு முறை பார்த்துவிட்டு அவளைக் கேட்டான்.

“அம்மா, இந்த மூலைய மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?”

ஒடெல்லா குனிந்து, தாளின் மூலையைக் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் ஆணியை வைத்து அடித்தான்.